பூட்டிய தண்ணீர்

மேடத்தின் கைகளில் ஒரு தழும்புகூடக் கிடையாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் விரலில் பழுப்புக் கறையோ மணிக்கட்டில் சுட்ட வடுவோ ஏதாவது ஒன்று இருக்கும். அவருடைய நகங்கள் மட்டும் உரித்த பூண்டு போல இருக்கும். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்துக் காட்டுவார்.

"பாத்துக்க. பதினெட்டு வருஷம் ஆசிட்டோட பழகுன கை. இப்படி வச்சிருந்தா நீ கெட்டிக்காரி. கையில ஒரு பொட்டு விழுந்தாலும் நீ முட்டாள். நடுவுல வேற எதுவும் கிடையாது."

அவருக்கு இளம் வயதில் ஏதோ பெரிய விபத்து நடந்திருக்க வேண்டும், அதனால்தான் இப்படி ஆகிவிட்டார் என்று மாணவர்கள் கதை கட்டியிருந்தார்கள். தங்கை ஒருத்தி தீயில் போய்விட்டாள் என்பான் ஒருவன். நானும் நம்பினேன். நம்பினால் அவரைச் சகித்துக்கொள்வது எளிதாக இருந்தது. ஒருநாள் துணிந்து கேட்டே விட்டேன்.

"ஒரு எழவும் நடக்கல," என்றார். "நடக்க விட்டாத்தானே?"

அது திண்டுக்கல்லுக்கு வெளியே, முள்ளுக்காட்டுக்கு நடுவே எழுந்த கல்லூரி. ஊரில் தோல் ஷாப்புகள் நிறைய இருந்ததால் தோல் பதனிடுவதைப் பற்றிய ஆராய்ச்சிக்கென்று ஒரு நீளமான கட்டடம் கட்டியிருந்தார்கள். ஆவாரம்பட்டைச் சாறும் அமிலமும் கலந்த வாசனை எங்கள் சேலையிலேயே தங்கிவிடும். நான் மதுரையில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு அங்கே டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். எனக்கு இருபத்தோரு வயது. நான் சேர்வதற்குச் சற்று முன்புதான், ஆய்வுக்கூடம் ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. வேறு யாரும் ஏற்றுக்கொள்ளாத வேலை. அவர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்தச் சுற்றறிக்கையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். அமிலம் புழங்கும் இடத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும், மருந்துப் பெட்டி இருக்க வேண்டும், உள்ளே எதையும் தின்னக் கூடாது, காயம் பட்டால் எழுதி வைக்க வேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு விதிகள். யாராவது முகம் சுளித்தால் அதைக் காட்டுவார்.

"வாசிச்சுப் பாரு. பிரியமா இருக்கணும்னு எங்கயாச்சும் போட்டிருக்கா?"

நான் வேலைக்குப் போன முதல் நாள் பின்னலை முன்னால் விட்டுக்கொண்டு போயிருந்தேன். அவர் கத்தரிக்கோலை எடுத்தார். பின்னலின் நுனியில் நாலு விரற்கடை வெட்டி, இடுக்கியில் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். அது சுருண்டு பொசுங்கியது. இடுக்கியை என் மூக்கருகே கொண்டுவந்தார்.

"மோந்து பாரு. இன்னும் நல்லா. இந்த நாத்தம் மறக்குமா?"

"மறக்காது மேடம்."

"அழுவுறியா? முடி வளரும்டி. கண்ணு வளராது."

அன்றிலிருந்து நானாகக் கொண்டையைத் தவிர வேறு எதுவும் போட்டதில்லை. என் கல்யாணத்தன்று சடை வைத்துப் பின்னியபோதும் விளக்குப் பக்கம் போக பயந்தேன். அவர் எனக்கு நல்லது செய்தாரா கெட்டது செய்தாரா? இதை எழுதும்போதும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

ஒட்டன்சத்திரம் பக்கத்து ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். குரோமியக் கரைசலை வாயால் உறிஞ்சிப் பிப்பெட்டில் ஏற்றுவது அவர் வழக்கம். ரப்பர் குமிழை வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும் என்று மேடம் இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை சொல்லவில்லை. பிப்பெட்டுகளின் வாய்ப்பக்கம் முழுக்க வேப்பெண்ணெயைத் தடவி வைத்துவிட்டார். அந்த மாணவர் உறிஞ்சிய வேகத்தில் ஓடிப்போய் வாசலில் குனிந்து வாந்தி எடுத்தார். மற்ற மாணவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க மேடம், இது நாயமாங்க?" என்றார், கண்ணில் நீர் வழிய.

"வேப்பெண்ணெய் வகுத்துக்கு நல்லது. குரோமியம்னா இந்நேரம் ஒங்க ஆத்தாளுக்குத் தந்தி அடிச்சிருப்பேன்."

மேடம் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். முன் பற்கள் மிக அழகாக இருந்தன.

ஆனால் பிரின்சிபால் அறைக்குள் போனால் வேறு ஆளாகிவிடுவார். குரல் பாதியாக இறங்கிவிடும். "சரீங்க, ஆகட்டுங்க" என்பதைத் தவிர வேறு பேச்சு வராது. அறையை விட்டு வெளியே வந்ததும் கழுத்தை ஒருமுறை நிமிர்த்திக்கொள்வார், ஜாக்கெட்டுக்குள் எறும்பு போனதுபோல.

என்னை அவர் உண்மையிலேயே உடைத்தது மருந்து அலமாரி விஷயத்தில். ஒரு மாணவனுக்குக் கண்ணாடி கிழித்து விரலில் ரத்தம். அவர் அப்போது ஸ்டோரில் இருந்தார். அலமாரியில் சாவி தொங்கியது. நான் திறந்து பஞ்சும் டிஞ்சரும் எடுத்துக் கட்டிவிட்டேன். திரும்பி வந்தவர் அலமாரிக் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு தொறந்த?"

"ரத்தம் வந்துச்சு மேடம்..."

"யாரைக் கேட்டுன்னு கேட்டேன்."

என்னை வெளியே கூட்டிப்போய், ஆண்கள் விடுதிக்கு எதிரே இருந்த மைதானத்தில் நிற்கச் சொன்னார். பங்குனி மாத வெயில். சின்னப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல ஒரு மணி நேரம் நின்றேன். சாப்பிடப் போன மாணவர்கள் ஒவ்வொருவரும் பார்த்துவிட்டுப் போனார்கள். "டெமான்ஸ்ட்ரேட்டரம்மா தபசு இருக்காங்கடோய்" என்று எவனோ கத்தினான். அந்த வாரம்தான் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். யாராவது போய்ச் சொல்லிவிடுவார்களோ என்பதுதான் நின்ற நேரமெல்லாம் என் கவலை. வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அது எனக்குத் தோன்றவே இல்லை. போகலாம் என்று அவர் சொல்லும்வரை நின்றேன்.

அதன் பிறகு நான் ஒரு பஞ்சுத் துண்டுக்குக்கூட அவரிடம் கேட்டேன்.

இனி தண்ணீர். திண்டுக்கல்லில் இருந்தவர்களுக்கு அந்தக் கஷ்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை பிறந்தால் ஆய்வுக்கூடக் குழாயில் காற்றுதான் வரும். வண்டித் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒருமுறை வரும். சுற்றறிக்கை சொன்னபடி அவர் ஒரு இரும்பு டிரம்மை மேசைகளுக்கு நடுவே வைத்து நிரப்பி வைத்திருந்தார். யார் மேலாவது அமிலம் பட்டால் உடனே ஊற்றுவதற்கு.

லூர்து என்று எங்களிடம் ஒருத்தி குடுவைகள் கழுவும் வேலையில் இருந்தாள். பக்கத்து ஊர்க்காரி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், இரண்டு குழந்தைகள். ஒரு சித்திரையில் அவள் வேலை முடிந்து போகும்போது அந்த டிரம்மிலிருந்து ஒரு குடம் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவர் வாசலில் மறித்தார்.

"எறக்கு."

"பிள்ளைக ரெண்டும் நாக்கு வறண்டு கெடக்குதுக தாயி. ஒரு கொடம்தான?"

அவர் குடத்தை வாங்கினார். திரும்ப டிரம்மில் ஊற்றுவார் என்றுதான் நான் நினைத்தேன். வாசல்படியில் கவிழ்த்தார். மண் அதைச் சத்தமில்லாமல் குடித்தது. லூர்துவின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"டிரம்ல ஊத்துனா நாளைக்கும் எடுப்ப," என்றார் அவளிடம். "இப்ப எடுக்க மாட்ட."

அடுத்த நாளே என்னையும் கூட்டிக்கொண்டு, பூட்டுப் பட்டறைகள் இருந்த நாகல் நகருக்குப் போனார். அரம் போட்டுக்கொண்டிருந்த பூட்டுக்காரர், எந்தப் பெட்டகத்துக்கு என்று கேட்டார்.

"தண்ணி டிரம்முக்கு."

"தண்ணிக்கா? எங்க தாத்தன் காலத்துலருந்து பூட்டு அடிக்கிறோம். நகைக்கு அடிச்சிருக்கோம், நெல்லுக்கு அடிச்சிருக்கோம், கோயில் உண்டியலுக்கு அடிச்சிருக்கோம். தண்ணிக்கு இன்னைக்குத்தாம்மா."

"பேச்சு வேணாம். ரெண்டு சாவி போடுங்க. மூணாவது சாவி எவனாலயும் செய்ய முடியக் கூடாது."

"எங்க பூட்டை ஒடைக்கணும்னா கதவைத்தான் ஒடைக்கணும், போங்க," என்றார் அவர் பெருமையாக.

மாங்காய் வடிவத்தில் கனமான பூட்டு. மேடம் அதை டிரம்மின் மூடியில் கொண்டி அடித்து மாட்டினார். ஒரு சாவி அவர் இடுப்பு வளையத்தில். மற்றதை அன்று மாலை எல்லோரும் போன பிறகு என் கையில் வைத்தார்.

"இது ஒன்கிட்ட இருக்குன்னு ஒனக்குத் தெரியணும், எனக்குத் தெரியணும். மூணாவது ஆளுக்குத் தெரிஞ்சா அம்புட்டுப் பேரும் கொடத்தோட வந்து நிப்பாளுக."

"என்கிட்ட ஏன் மேடம்?"

"நீ கேக்காம எதையும் தொட மாட்ட. அதான்."

அதை ஒரு பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சாவியைச் சொல்லாமல், மேடம் என்னை நம்புகிறார் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

அடுத்த சித்திரையில் நடந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். மாணவர்கள் எல்லோரும் விடுதிக்குப் போய்விட்டார்கள். அவர் பிரின்சிபால் அறையில் இருந்தார். அது மைதானத்துக்கு அந்தப் பக்கம். கட்டடத்தில் நானும் லூர்துவும் மட்டும். ஆவாரம்பட்டைக் கறை சோப்புக்குப் போகாது. குரோமிக் அமிலக் கலவையில்தான் குடுவைகளை ஊறப்போட வேண்டும். பார்ப்பதற்குச் சர்பத் போல ஆரஞ்சு நிறமாக இருக்கும், விரல் பட்டால் தோல் கழன்றுவிடும். அந்த ஜாடியைத் தூக்கி வைக்கும்போது லூர்துவின் கை வழுக்கியது. ஜாடி தொட்டியின் விளிம்பில் மோதி உடைந்து அவள் முகத்தில் தெறித்தது.

"ஐயோ கண்ணு! தண்ணி! டீச்சரம்மா, தண்ணி!"

குழாயைத் திருகினேன். காற்று. டிரம் எனக்கு நாலு அடி தூரத்தில் இருந்தது. சாவி என் முந்தானையில் முடிந்திருந்தது. அதை அவிழ்த்துக் கையில் எடுத்தேன். எடுத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பூட்டின் அருகே வரை போனேன். போய், திரும்பி, வாசலுக்கு ஓடினேன்.

மைதானத்தைக் கடந்து, படியேறி, பிரின்சிபால் அறைக் கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு போய் நின்றேன்.

"மேடம், லூர்து மேல ஆசிட் கொட்டிருச்சு. டிரம்மைத் திறக்கட்டுமா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த சாவியைத்தான் பார்த்தார். அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. செருப்பு ஒன்று படியிலேயே கிடந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது லூர்துவைத் தரையில் கிடத்தி, அவள் மார்பில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு, சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டிருந்தார். இமையை விரலால் விரித்துப் பிடித்திருந்தார்.

"தொறடி! தொற கண்ணை! கத்து, நல்லா கத்து, ஆனா மூடாத!"

"எரியுது தாயி, விடுங்க, விடுங்க!"

"விட மாட்டேன்."

டிரம் காலியாகும்வரை விடவில்லை. அத்தனை நேரமும் அவர் முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. என்ன செய்ய வேண்டுமோ அதை மட்டும் செய்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

வலது கண் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்றும் டாக்டர் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்.

மறுநாள் காலை மேடம் விபத்து அறிக்கையை எழுதி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் உட்காராமலே அழுதேன்.

"கேக்காம தொறந்தா திட்டுவீங்கன்னு..."

"திட்டிருப்பேன்," என்றார். "ரெண்டு நாளு திட்டிருப்பேன். மறுபடி வெயில்ல நிக்க வச்சிருப்பேன். அப்புறம்? செத்தா போயிருப்ப? அவ கண்ணைவிட என் வாய் ஒனக்குப் பெருசாப் போச்சு."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அறிக்கையைத் தள்ளினார். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அமில ஜாடியைக் கையாண்டதால், பணியாளரின் சொந்தக் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது; உடனடியாகத் தண்ணீர் ஊற்றப்பட்டது. அவ்வளவுதான். கண்ணாடி அணியவில்லை என்பது உண்மை. எங்களிடம் இருந்த நாலு கண்ணாடியும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு. லூர்துவுக்கு யாரும் கொடுத்ததே இல்லை.

"சாட்சின்னு இருக்கிற எடத்துல கையெழுத்துப் போடு."

"பூட்டைப் பத்தி ஒண்ணும் இல்லியே மேடம்?"

"வேணுமா? எழுதட்டுமா? பூட்டுனது யாருன்னு கேப்பாக. நான்தான்னு சொல்லுவேன். ரெண்டாவது சாவி யார்கிட்ட இருந்துச்சுன்னு கேப்பாக. கையில வச்சுக்கிட்டே எங்க ஓடுனான்னு கேப்பாக. அடுத்த மாசம் கல்யாணம் ஒனக்கு. எழுதட்டுமா?"

அவர் என்னைக் காப்பாற்றினாரா, தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரா? இரண்டும்தான். காப்பாற்றப்படாதவள் ஒருத்திதான். உடனடியாக என்ற வார்த்தையின் மேல் கண்ணை வைக்காமல் கையெழுத்துப் போட்டேன். சொந்தக் கவனக்குறைவு என்று தீர்ந்துவிட்டதால் லூர்துவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே வேலை போயிற்று.

டிரம்மின் மேல் பூட்டு அதன் பிறகும் தொங்கியது. இரண்டாவது சாவியை மட்டும் அவர் திரும்ப என்னிடம் தரவில்லை. நான் வேலையை விட்ட நாளில் சொல்லிக்கொள்ளப் போனேன். பாட்டில்களில் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். "போய் நல்லாப் பொழை," என்றார், தலை நிமிராமல். "அடுப்புக்கிட்ட நைலான் கட்டாத."

நான் கட்டுவதில்லை. எனக்கு மூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறாள். மண்ணெண்ணெய் டின் பரண்மேல், கத்தி உறியில், கிணற்றுக்குப் பலகை மூடி. அவள் ஒருமுறை அடுப்புப் பக்கம் போனபோது, வடித்த சோற்றுப் பானையில் அவள் விரலை வைத்து ஒரு நொடி அழுத்தினேன். ஒரு நொடிதான். கொப்புளம்கூட வரவில்லை. என் கணவர் அன்று என்னோடு பேசவில்லை. அவள் அதன்பின் அடுப்புப் பக்கம் போவதில்லை என்று நான் சொன்னதற்கும் பேசவில்லை. நான் செய்தது சரியென்றே அன்று தோன்றியது. இன்று அப்படித் தோன்றவில்லை. நாளை எப்படித் தோன்றுமோ.

போன மாதம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழனி பஸ்ஸுக்குக் காத்திருந்தேன், பெண்ணுக்கு முடி இறக்க. சிறுமலை வாழைப்பழம் விற்ற ஒருத்தி கூடையோடு என் முன்னால் வந்து நின்றாள். வலது கண் இருந்த இடம் தைத்தது போல ஒட்டியிருந்தது.

"டீச்சரம்மா! என்னைத் தெரியலியா? லூர்துங்க."

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு என் பெண்ணின் கன்னத்தைத் தொட்டாள். ஒரு பழத்தைப் பிய்த்து நீட்டினாள். என் பெண் பழத்தை வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"வாங்கிக்கடா," என்றேன். அதற்குப் பிறகுதான் வாங்கினாள்.

"அம்மா சொன்னாத்தான் வாங்குமோ? சமத்து," என்று சிரித்தாள் லூர்து. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நீங்க மட்டும் அப்படி ஓடிப்போயி அவளை இழுத்துக்கிட்டு வரலைன்னா இந்த ஒத்தைக் கண்ணும் இல்ல டீச்சரம்மா. புருசங்கிட்ட, பிள்ளைககிட்ட எல்லாம் சொல்லுவேன். செருப்புக்கூட போடாம வெயில்ல ஓடுனாகன்னு."

செருப்பில்லாமல் ஓடியது நான் அல்ல. நான் அதைச் சொல்லவில்லை.

"அந்தப் பாதகத்தி நல்லாருப்பாளா? குடிக்கிற தண்ணியையும் கொட்டுனா, கண்ணு கழுவுற தண்ணியையும் பூட்டுனா. சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுப் போயி ஆபீஸ்ல ஒக்காந்துக்கிட்டா. ஏன் டீச்சரம்மா, சாவி அவகிட்ட மட்டுந்தான இருந்துச்சு?"

பழனி பஸ் உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஜனங்கள் ஏறத் தொடங்கினார்கள். என் பெண் பழத்தை உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"ஆமா லூர்து," என்றேன். "அவங்ககிட்ட மட்டும்தான் இருந்துச்சு."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமை தவறாம மாதா கோயில்ல ரெண்டு மெழுகுவத்தி ஏத்துறேன். ஒண்ணு அவ நாசமாப் போகணும்னு. இன்னொண்ணு நீங்க நல்லாருக்கணும்னு."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலுக்கு வெளியே அவள் கூடையைத் தலையில் வைத்தபடி, அந்த ஒற்றைக் கண்ணால் பஸ் திரும்பும்வரை எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.